இரண்டும் ‘ஈரம் உறிஞ்சி’ தானா? பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு கேள்வி

ஆம்பூர்_பேக்கிங்

வணக்கம். ஆம்பூரில் காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பதினோரு ஆண்டுகளாக இதே வேலை. ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் என் கவலை புரியாது.

ஈரத்தைச் சமாளிக்க எங்களிடம் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, காலணிப் பெட்டிக்குள் போடும் சிறு பொட்டலம்; உள்ளே ஜவ்வரிசி போன்ற சிலிக்கா ஜெல் மணிகள். மற்றொன்று, கன்டெய்னரின் உட்சுவரில் தொங்கவிடும் நீளப் பை. உள்ளே கால்சியம் குளோரைடு. ஸ்டோர் அறையில் இரண்டு அலமாரிகளிலும் ஒரே சீட்டு: ‘ஈரம் உறிஞ்சி’.

ஐப்பசி அடைமழையில் மணிப் பொட்டலங்கள் தீர்ந்துபோயின. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண், சரக்கு தேங்கக் கூடாதே என்று, தொங்கும் பையைப் பிரித்து உள்ளிருந்த வெள்ளைத் துகள்களைக் காகிதத்தில் மடித்துப் பெட்டிகளுக்குள் வைத்துவிட்டார். நான்கு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் காகிதம் ஊறிக் கிழிந்து, பிசுபிசுப்பான நீர் தோலில் இறங்கியிருந்தது. 36 ஜோடி. கறை போகவே இல்லை.

எல்லோரும் அந்தப் பெண்ணைத் திட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சீட்டைப் படித்தார், படித்ததை நம்பினார். அந்தச் சீட்டை எழுதியவள் நான்.

இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ப் பெயர் வேண்டும். விலைப்பட்டியலில் ஒன்றுக்கு ‘அட்சார்பன்ட்’ என்றும் மற்றொன்றுக்கு ‘அப்சார்பன்ட்’ என்றும் அச்சாகியிருக்கிறது. அச்சுப் பிழை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

காட்பாடி_வேதியியல்

அச்சுப் பிழை இல்லை அம்மா. 32 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் மதிப்பெண் இழந்த சொல் இணைகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. வேலையோ வேறு.

பஞ்சு தண்ணீரைக் குடிக்கிறது. நீர் பஞ்சின் உடம்பு முழுவதும் பரவுகிறது. அது அப்சார்ப்ஷன், நம் தமிழில் உறிஞ்சுதல். சிலிக்கா ஜெல்லில் நடப்பது அட்சார்ப்ஷன், தமிழில் பரப்புக் கவர்ச்சி என்று சொல்லிக் கொடுக்கிறோம். நீர் மூலக்கூறுகள் பரப்பில் ஒட்டி நிற்கின்றன. ‘சிறு மணியின் பரப்பில் எவ்வளவு நீர் ஒட்டிவிடும்’ என்று கேட்பீர்கள். மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் சுவர்களும் பரப்புதான். ஒரு கிராம் சிலிக்கா ஜெல்லின் மொத்தப் பரப்பு 500 முதல் 800 சதுர மீட்டர் வரை இருக்கும். ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஆக ஒரு கிராம் மணிக்குள் நான்கு முதல் ஆறு ஆடுகளங்கள் சுருண்டு கிடக்கின்றன. அதனால்தான் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரை வாங்கிக்கொண்டும் தொட்டால் அது காய்ந்த மணியாகவே இருக்கிறது.

அட்சார்ப்ஷன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹைன்ரிக் கைசர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர், 1881-இல். உறிஞ்சுதல் என்ற சொல் கையில் இருந்தும் அவருக்குப் புதிதாக ஒன்று தேவைப்பட்டது என்றால் உங்கள் ஸ்டோர் அறைக்கும் தேவைப்படுவதில் வியப்பில்லை.

இனி கால்சியம் குளோரைடு. அது பஞ்சும் இல்லை, மணியும் இல்லை; மூன்றாவது வகை. 111 கிராம் உப்பு முதலில் 108 கிராம் நீரைத் தன் படிகத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிறது. காற்றில் இன்னும் ஈரம் இருந்தால், கட்டிய நீரிலும் வாங்கும் நீரிலும் தானே கரைந்து திரவமாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் டெலிக்வெசென்ட். வகுப்பில் ‘ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மம்’ என்போம். ஈரத்தை ஈர்த்தும் கரையாமல் நிற்பவற்றை ‘ஈரம் உறிஞ்சும் சேர்மம்’, அதாவது ஹைக்ரோஸ்கோபிக் என்போம். உங்கள் சீட்டில் விடுபட்டது ‘கரையும்’ என்ற ஒரு சொல். 36 ஜோடியும் அந்த ஒரு சொல்லில்தான் போயின.

நீர் எவ்வளவு ஏறியது என்பதைவிட, ஏறிய நீர் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பெயர் அங்கிருந்து கிடைக்கும்.

வாணியம்பாடி_தோல்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மூன்று தலைமுறையாகப் பச்சைத் தோல் வணிகம். தோல் வந்திறங்கியதும் உப்புப் போட்டு அடுக்குவோம். உப்பு தோலின் தண்ணீரை ‘உறிஞ்சுகிறது’ என்றுதான் என் தந்தை சொன்னார். நானும் அப்படியே சொல்லி வருகிறேன். உங்கள் கணக்கில் இது எந்த வகை?

காட்பாடி_வேதியியல்

மூன்றிலும் சேராது ஐயா. தோலின் மேற்புற ஈரத்தில் உப்பு கரைந்து அடர்ந்த உப்புநீர் ஆகிறது. தோலுக்குள் இருக்கும் நீர் அந்த அடர்த்தியை நோக்கி வெளியே வருகிறது; உப்பு தோலுக்குள் போகிறது. சவ்வூடு பரவலும் விரவலும் சேர்ந்து செய்யும் வேலை இது. அடுக்கின் அடியில் நீர் வடிந்து ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உப்பு குடித்திருந்தால் அது ஏன் தரையில் ஓடப்போகிறது?

வாணியம்பாடி_தோல்

சரியான கேள்வி. இனி ‘நீரை இழுத்து வடிக்கிறது’ என்று சொல்கிறேன்.

இன்னொன்று. மழைக்காலத்தில் சில உப்பு மூட்டைகள் கிடங்கிலேயே கசிந்து ஓடும். பக்கத்து மூட்டை காய்ந்து கிடக்கும். இரண்டும் உப்புதானே?

காட்பாடி_வேதியியல்

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கரையத் தொடங்கும். சுத்திகரிக்காத உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அதற்கு 33 சதவீதம் போதும். கத்திரி வெயில் இல்லாத நாள்களில் வேலூர்ப் பக்கம் காற்று அதற்கு மேல்தான் இருக்கும். கசிகிற மூட்டையில் மக்னீசியம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போளூர்_வயல்

பழைய வட ஆற்காட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் சேர்ந்துகொள்கிறேன். 1989-இல் மாவட்டம் பிரிந்தாலும் பேச்சு பிரியவில்லையே.

என்னைக் குழப்பும் சொல் ‘ஈரப்பதம்’. வானிலைச் செய்தியில் ‘காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம்’ என்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் ‘நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது’ என்கிறார்கள். காற்றில் 80 இருக்கும்போது நெல்லை 17-க்குக் கொண்டுவருவது எப்படி என்று என் மகன் கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

காட்பாடி_வேதியியல்

உங்கள் மகனைத் தட்டிக்கொடுங்கள். ஒரே சொல், இரண்டு அளவுகோல். நெல்லின் 17 என்பது எடைக் கணக்கு: 100 கிலோ நெல்லில் 17 கிலோ நீர். காற்றின் 80 ஒரு விகிதம்: அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில் 80 சதவீதம் இப்போது இருக்கிறது. காற்று சூடேறினால் நீராவியின் அளவு மாறாமலே இந்த எண் இறங்கிவிடும். நெல்லுக்கு ‘ஈர அளவு’ என்றும் காற்றுக்கு ‘ஒப்பு ஈரப்பதம்’ என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் தீரும்.

ஆரணி_பட்டு

நெல்லுக்காவது ஒரே வகைக் கணக்கு. பட்டுக்கு இரண்டு. அதில் என் கைப்பணம் போயிருக்கிறது.

பட்டு காற்றிலிருந்து ஈரம் வாங்கும் பொருள். ஆகவே விற்பனையில் ஈரத்துக்கென்று 11 சதவீதம் ஏற்பது உலக வழக்கம். அந்த 11 உலர்ந்த பட்டின் மேல் கணக்கிடப்படுவது. 100 கிலோ முழு உலர் பட்டு, 11 கிலோ ஈரம், மொத்தம் 111 கிலோ. இதை ‘ஈர மீட்பு’ என்கிறோம். மொத்த எடையில் ஈரம் எவ்வளவு என்று கேட்டால் 111-இல் 11, அதாவது 9.9 சதவீதம்தான். இது ‘ஈர அளவு’. ஒரு வியாபாரி இரண்டையும் ஒன்றாக்கி, 111 கிலோவிலும் 11 சதவீதம் ஈரம் என்று எனக்குக் கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கில் உலர் பட்டு 98.79 கிலோ. ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பட்டு காகிதத்திலேயே காணாமல் போயிற்று. அவர் வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று நான் சொல்லமாட்டேன். பட்டு விலை தெரிந்தவர்களுக்கு அந்த எடையின் வலி தெரியும்.

புதிதாகத் தறி போடும் பிள்ளைகளுக்கு இப்போது முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: சதவீதம் என்று யாராவது சொன்னால், எதன் மேல் சதவீதம் என்று கேள்.

வாலாஜா_கட்டடம்

சுவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. செங்கல் சுவரில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதை வீட்டுக்காரர்கள் ‘சுவர் ஈரம் உறிஞ்சுகிறது’ என்கிறார்கள். கொத்தனார்கள் ‘உவர் பூத்திருக்கிறது’ என்கிறார்கள். பொறியியல் படித்த நான் ‘எஃப்ளோரசன்ஸ்’ என்கிறேன். கொத்தனார் சொல்தான் சரியாகப் பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. செங்கல்லின் நுண்புழைகள் வழியே நீர் உப்பையும் சுமந்துகொண்டு மேலே வருகிறது. சுவரின் முகத்தில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் பூவாக நிற்கிறது. அந்தப் பூ, நீர் வெளியே போனதற்கு அடையாளம். அதன் மேல் பெயின்ட் அடித்து மூடினால் அடுத்த மழைக்காலத்தில் பெயின்ட் உரிந்து விழும். முதலில் ஓதத்தைத் தடுக்க வேண்டும்.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களில் நிலத்தடி நீர் எப்படி உவர்ந்தது என்பது ஊரறிந்த கதை. உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பு வந்த வழக்கு. அந்த நீரில் சாந்து குழைத்தால் சுவர் பூக்காமல் என்ன செய்யும்? இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

காட்பாடி_வேதியியல்

பூத்தலுக்கு வேதியியலில் இன்னொரு பொருளும் உண்டு. சலவைச் சோடாப் படிகத்தைத் திறந்து வைத்தால் அதன் படிக நீர் காற்றுக்குப் போய், கண்ணாடி போல் இருந்த படிகம் வெள்ளைப் பொடியாகிவிடும். புதுப் படிகத்தில் 63 சதவீதம் நீர்தான். அதுவும் எஃப்ளோரசன்ஸ் தான். சுவரிலும் சோடாவிலும் நீர் வெளியேறுகிறது. கால்சியம் குளோரைடிலோ உள்ளே வருகிறது. தேர்வில் இதைத் தலைகீழாக எழுதுவோர் ஏராளம்.

வேலூர்_முதுகலை

ஐயா, உங்கள் முதல் விளக்கத்தில் ஓர் ஐயம். சிலிக்கா ஜெல்லில் நீர் பரப்பில் ஒட்டுகிறது என்றீர்கள். காற்றில் ஈரம் குறைவாக இருக்கும்போது அது சரி. ஒப்பு ஈரப்பதம் ஏற ஏற, நுண்துளைக்குள் நீராவி திரவமாகவே திரண்டு துளையை நிரப்பிவிடுகிறது அல்லவா? அப்போது அதைப் பரப்புக் கவர்ச்சி என்று மட்டும் சொல்வது முழுமையாகுமா? பஞ்சும் நீங்கள் சொன்ன அளவுக்கு எளிதானதாகத் தெரியவில்லை. இழையின் செல்லுலோஸில் நீர் மூலக்கூறுகள் பற்றிக்கொள்கின்றன. இழைகளுக்கு இடையே நுண்புழை ஈர்ப்பால் நீர் ஏறுகிறது.

காட்பாடி_வேதியியல்

நீங்கள் சொல்வது சரி தம்பி. நான் எளிமைப்படுத்திச் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். இரண்டும் கலந்து நடக்கும் இத்தகைய இடங்களுக்காகவே ஜேம்ஸ் மெக்பெயின் 1909-இல் ‘சார்ப்ஷன்’ என்ற பொதுச்சொல்லை முன்வைத்தார். துளையில் திரண்ட நீரும் துளைக்குள்ளேயே சிறைப்பட்டு நிற்கிறது, மணி கரைவதில்லை. பேக்கிங் பிரிவுக்கு வேண்டியது அந்தப் பகுதி.

வேலூர்_முதுகலை

ஏற்கிறேன் ஐயா. இன்னும் ஓர் இணையைச் சேர்க்க ஆசை: நீர் நாட்டமும் ஈரம் உறிஞ்சுதலும் ஒன்றல்ல. சுத்தமான கண்ணாடியில் நீர் விரிந்து பரவும், அதற்கு நீர் நாட்டம் உண்டு. ஆனால் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கண்ணாடி கனப்பதில்லை. கம்பளி நேர் எதிர். அதன் மேற்புறத்தில் கொழுப்புப் படலம் இருப்பதால் மழைத்துளி உருண்டு விழும். இழையின் உள்ளேயோ காற்றின் ஈரம் பருத்தியைவிட அதிகமாக ஏறும்.

ராணிப்பேட்டை_ஏற்றுமதி

நான் இவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்: ‘அட்சார்பன்ட்’, ‘அப்சார்பன்ட்’. பில்லிலும் அதுதான் இருக்கிறது. ஸ்டோரில் சரிபார்க்க எளிது.

ஆம்பூர்_பேக்கிங்

மன்னியுங்கள் ஐயா, இதை ஏற்க முடியவில்லை. தையல் இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் அந்த இரண்டு சொற்களும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். பத்தாம் வகுப்போடு நின்ற பெண்கள் அங்கே நூற்றுக்கு மேல் இருக்கிறார்கள். படித்தவுடன் கண்முன் படம் வர வேண்டும்.

ராணிப்பேட்டை_ஏற்றுமதி

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் யோசனையை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மூன்றாவது வகைப் பொட்டலம் ஒன்று உண்டு. பூஞ்சையைக் கொல்ல டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பொருளைப் பொட்டலமாகக் கட்டிக் காலணிப் பெட்டிகளில் போட்டு வந்தார்கள். அது ஆவியாகித் தோலில் ஏறி, அணிந்தவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அது கலந்த பொருள்களைச் சந்தைக்கு வரவிடாமல் தடுத்தது. ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு நிற்கும். பார்வைக்கு அதுவும் உங்கள் மணிப் பொட்டலம் போன்றதுதான். ஈரத்தை எடுப்பதையும் பூஞ்சையைக் கொல்வதையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

அதோடு, கன்டெய்னருக்குள் பெய்யும் ‘மழை’யை ஈரக்கசிவு என்று எழுதாதீர்கள். சென்னைத் துறைமுகத்தில் 30 டிகிரியில் 80 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் மூடிய காற்று, கூரைத் தகடு 26 டிகிரியளவுக்குக் குளிர்ந்தாலே பனித்துளி விடத் தொடங்கும். குளிர்காலத்தில் ஐரோப்பாவை நெருங்கும் கப்பலில் தகடு எவ்வளவு குளிரும் என்று எண்ணிப்பாருங்கள். அட்டைப் பெட்டியும் மரப்பலகையும் தாங்கள் வாங்கி வைத்த ஈரத்தை வழியெங்கும் விட்டுக்கொண்டே போகும். அங்கேதான் தொங்கும் பைக்கு வேலை.

குடியாத்தம்_அடுக்களை

படித்தவர்கள் பேசும் இடத்தில் ஒரு பாட்டி எழுதுகிறேன். பேரன் தட்டச்சு செய்கிறான்.

நீங்கள் தேடும் சொற்கள் எல்லாம் அடுக்களையில் கிடக்கின்றன. முறுக்கு டப்பாவை மூடாமல் விட்டால் முறுக்கு நமுத்துப்போகும். கரைவதில்லை, ஒழுகுவதில்லை, மொறுமொறுப்பு மட்டும் போகும். வெல்லம் மழைக்காலத்தில் இளகும். கல்லுப்பு ஜாடியில் நீர்விடும். அரிசியும் உளுந்தும் ஊறும். சுவரில் ஓதம் ஏறும், உவர் பூக்கும். சுண்ணாம்புக் கல் நீற்றுப்போகும். இவற்றில் எதையாவது நான் ‘உறிஞ்சுகிறது’ என்று சொன்னேனா? முறுக்கு நீர்விட்டது என்று எந்தப் பெண்ணாவது சொல்வாளா, உப்பு நமுத்தது என்று சொல்வாளா? எழுதப் போகும்போதுதான் எல்லாமே ‘உறிஞ்சுதல்’ ஆகிவிடுகிறது.

காட்பாடி_வேதியியல்

அம்மா, என் 32 ஆண்டு வகுப்பில் இந்த ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும். நமுத்தல் ஈரம் உறிஞ்சும் பொருளுக்கு, நீர்விடுதல் ஈரம் உறிஞ்சிக் கரையும் பொருளுக்கு. வெல்லம் இளகுவது அதிலுள்ள குளுக்கோஸும் பிரக்டோஸும் ஈரத்தை இழுப்பதால். சுண்ணாம்பு நீற்றுவதோ வேதிவினை: சுட்ட சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து வேறு பொருளாகவே மாறிவிடுகிறது, வெயிலில் காயவைத்து அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்கும் தமிழில் தனிச்சொல் இருப்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

ஆம்பூர்_பேக்கிங்

பாட்டிக்கு என் வணக்கம். உங்கள் சொற்களைக் கொண்டு இரண்டு பெயர் எழுதியிருக்கிறேன்: ‘ஈரம் பிடிக்கும் மணி’, ‘நீர்விடும் உப்பு’. சரியா?

வாலாஜா_கட்டடம்

‘நீர்விடும்’ என்றால், தன்னிடமிருந்த நீரை வெளியே விடுகிறது என்று யாராவது எடுத்துக்கொள்ளலாம். சலவைச் சோடா போல.

வாணியம்பாடி_தோல்

‘கசியும் பை’ என்று எழுதினால்? ஆனால் பை கிழிந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காட்பாடி_வேதியியல்

பெயர் எதுவானாலும் இரண்டாவது வரி வேண்டும். மணிப் பொட்டலத்தை 120 டிகிரியளவில் சூடாக்கினால் நீர் வெளியேறி மீண்டும் பயன்படும். அதற்கு முன் பொட்டலத் தாள் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கரைந்த உப்பை அப்படித் திரும்பப் பெற முடியாது. அந்த நீரைக் கையால் தொடாமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

ஆம்பூர்_பேக்கிங்

இன்று காலை அந்தப் பெண்ணிடமே கேட்டேன். திட்டு வாங்கிய நாளிலிருந்து ஸ்டோர் அறைப் பக்கமே போகாமல் இருந்தார். இரண்டு பெயர்களையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கரையும் உப்பு என்று எழுதுங்கள் அக்கா. கரையும் என்று தெரிந்திருந்தால் நான் செருப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கவே மாட்டேன்.”

ஆசிரியர் ஐயா முதல் நாளே சொன்ன அதே சொல்.

இப்போது இடப்பக்க அலமாரியில்: ‘ஈரம் பிடிக்கும் மணி. பெட்டிக்குள் வைக்கவும்.’ வலப்பக்க அலமாரியில்: ‘கரையும் உப்பு. கன்டெய்னரில் தொங்கவிட மட்டும். பிரிக்கக் கூடாது.’ இரண்டு சீட்டையும் அவரே தன் கையால் எழுதி ஒட்டினார்.